கோயில் பொலிஷ் பூசிய கோர்ட்

ரிங்குக்குக் கீழே டெலினா வழுக்கி விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் எங்கள் பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியின் கப்டன். அவளை விழுத்தியது எதிரணி இல்லை, நான்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். மன்னாரில் அந்தப் பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தேன். கச்சான் காற்று தொடங்கினால் கடற்கரை மணலெல்லாம் கோர்ட்டில் வந்து படுக்கும். கூட்டி முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று நடப்பேன். காலில் நெருநெருத்தால் திரும்பக் கூட்டுவேன்.

1. ரீவிக்குள் வேர்த்தவன்

மட்ச்சுக்கு இரண்டு நாள் முன்பு, விடுதி மண்டபத்தில் கோச் மிஸ் ஒரு கேமை ரீவியில் போட்டு, யார் எங்கே நிற்பது என்று பிள்ளைகளுக்குக் காட்டினா. கூட்டுகிற தும்புத்தடியோடு போன நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"எந்த நாட்டு மட்ச் பிள்ளை?"

"மட்ச் இல்லை அன்ரி, வீடியோ கேம். நான்தான் ஓட வைக்கிறன்" என்றாள் டெலினா.

"பொய் சொல்லாத! அவனுக்கு வேர்க்குதடி!"

பிள்ளைகள் சிரித்த சிரிப்பு! உண்மையாகவே வேர்த்தது. சப்பாத்து கிறீச்சிட்டது. ஓடிக் களைத்தவன் எறிந்த பந்து ரிங்கில் பட்டுத் தெறித்தது. மாதாவே, இதையும் மனிசர்தானா செய்தார்கள்! ஆனால் என் கண் போனது தரைக்கு. ஆளும் லைற்றும் தெரிகிற அளவுக்கு மினுங்கியது.

"மெய்யான கோர்ட்டும் இப்பிடித்தானோ?"

"பெரிய இடங்களில அச்சொட்டா இப்பிடித்தான் அன்ரி."

2. ஒரு மணித்தியாலம்

திருநாளுக்குக் கோயில் நிலத்தில் போட்ட மெழுகு பொலிஷில் அரை டின் மிச்சம் இருந்தது. அடுத்த நாள் பின்னேரம் அதை ரிங்குக்குக் கீழே பூசி, தேங்காய்ப் பொச்சால் தேய்த்தேன். என்ன மினுக்கம்! அந்தச் சந்தோசத்தில் அன்றைக்கு மட்டும் வெறுங்கால் சுற்றை மறந்துபோனேன்.

மறுநாள் நானாட்டான் அணி வந்து இறங்கியது. மட்ச் தொடங்க முன்னமே, பந்தோடு ஓடிய டெலினா விழுந்தாள். ரெஃபரி தரையைத் தடவி விரலை மணந்தார்.

"இதென்ன, கோர்ட்டோ கோயிலோ? ஒரு மணித்தியாலம் தாறன். சரிவராட்டி வெற்றி நானாட்டான் ஆக்களுக்கு."

முழங்காலில் ஐஸ் வைத்திருந்த டெலினாவிடம் போனேன்.

"நான்தான் பிள்ளை. ரீவியில பாத்து..."

"ஐயோ அன்ரி! அதில எவ்வளவு மினுங்கினாலும் வழுக்காதே!"

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமேடி!"

வலியிலும் சிரித்தாள். நான் மதிலோரம் ஓடினேன். கூட்டிச் சேர்த்த மணல் அங்கே சாக்கில் கிடந்தது. சவுக்காரத் தூளோடு அதை நனைத்துத் தேய்த்தேன். எங்கள் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு நானாட்டான் பிள்ளைகளும் முட்டுக்காலில் இருந்து தேய்த்தார்கள். கழுவிக் காய்ந்ததும் வெறுங்காலோடு நடந்தேன். கால் வழுக்காமல் தரையைப் பிடித்தது. ரெஃபரி என் காலைப் பார்த்துத்தான் விசில் ஊதினார்.

டெலினா விளையாடவில்லை; கதிரையில் இருந்தே அணிக்காகக் கத்தினாள். ஒரு கூடையால் தோற்றோம். ஒருவரும் என்னை ஏசவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

அடுத்த கிழமை அவள் நொண்டி நொண்டி வந்து, அந்தக் கேமில் ஒருவன் விழுவதைக் காட்டினாள். எழும்பினான், ஓடினான். வேர்வை சரி, சப்பாத்துச் சத்தம் சரி. ஆனால் ஏன் விழுந்தான் என்று தரையைத் தொட்டுப் பார்க்க ஒரு ஆள் வரவில்லையே!

புதிதாகக் கூட்ட வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தரை மினுங்கினால் கண் நம்பிவிடும். நீங்கள் செருப்பைக் கழற்றுங்கோ.