கீரையில் எழுதிய மரம்

இலையின் நடு நரம்பு காணாமல் போனதுதான் முதல் அறிகுறி.

தூரிகையின் முனையைத் துணியில் வரையும் இலையின் காம்பில் வைத்து மேலே இழுக்கிறேன். இரண்டு பக்கமும் இலையின் விளிம்பு தெரிகிறது. நடுவில் கோடு விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பாலில் நனைத்த பஞ்சை யாரோ அந்த இடத்தில் ஒட்டிவைத்த மாதிரி ஒரு வெளுப்பு. துணியைத் துடைத்தேன். பிறகு கண்ணைத் துடைத்தேன். வெளுப்பு போகவில்லை. நான் எங்கே பார்த்தாலும் எனக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்த மூன்றாம் வருஷம் அது. அவன் போட்ட சயாம் ரயில் பாதைக்குக் கூலியாகப் போய் உயிரோடு திரும்பியவர்களில் சிலர் இதே கண்ணோடு வந்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நான் சொல்ல, என் மனைவி பாக்கியம் எழுதுகிறாள். பிழை இருந்தால் அது அவளுடையது என்று எழுதச் சொன்னேன். எழுத மாட்டேன் என்றாள். பிறகு எழுதினாள்.

போட்டோ கடைகளுக்குச் சீன் எழுதுவது என் தொழில். படம் எடுத்துக்கொள்பவர்களின் முதுகுக்குப் பின்னால் தோட்டமும் குளமும் வரைந்த பெரிய துணி ஒன்று தொங்குமே, அதுதான் சீன். யாரிடமும் போய்க் கற்றதில்லை. மரத்திடம் கற்றேன் என்று பெருமையடித்துக்கொண்டு திரிவேன். காஜா பெராங்கில் எங்கள் வீடு. காலையில் எழுந்து பண்டார் ஹிலிர் கடற்கரைவரை நடந்து, அங்கே நிற்கும் கெத்தாப்பாங் மரங்களை (நாட்டு வாதுமை) ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தால்தான் கை வேலைக்கு இணங்கும். நேற்று மஞ்சளாக இருந்து இன்று சிவந்த இலை எது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். “மத்தவங்களுக்குச் சொந்தக்காரங்க மூஞ்சி ஞாபகம் இருக்கும். உங்களுக்கு இலை” என்பாள் பாக்கியம்.

சண்டை வந்ததும் கப்பலில் வரும் டின் சாயம் நின்றுபோனது. போட்டோ கடையில் வேலை நிற்கவில்லை. வீட்டுக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொள்ள ஜப்பான் சிப்பாய்கள் வந்தார்கள். பழைய சீன்களில் இருந்த வெள்ளைக்காரன் மாளிகையும் படிக்கட்டும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மரம் போடு என்றார்கள். கடை முதலாளி சீனர், தவுக்கே என்று கூப்பிடுவோம். கூலியாக வெள்ளை அரிசியும் வாத்து முட்டையும் தருவார். ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்த காலத்தில் அது பெரிய விஷயம்.

சாயத்துக்கு என்ன செய்வது? பின்வாசலில் பாக்கியம் கீரை போட்டிருந்தாள். பசலை, முருங்கை, சேக்கூர் மானிஸ் என்கிற மலாய்க் கீரை. இலையை இடித்துப் பிழிந்து, படிகாரம் போட்டுக் காய்ச்சி, மரவள்ளிக் கஞ்சியும் முட்டையின் மஞ்சள் கருவும் சேர்த்துக் குழைத்தேன். துணியில் ஒரு இழுப்பு இழுத்தேன். அப்படி ஒரு பச்சையை எந்த டின்னிலும் பார்த்ததில்லை. இலையின் பச்சையாலேயே இலை எழுதுகிறேன் என்ற நினைப்பில் அன்று எனக்குப் பசிக்கவே இல்லை.

ஆனால் அந்தப் பச்சை தங்காது. போட்டோ கடையின் கூரை கண்ணாடி. வெயில் பட்டுப் பத்து நாளில் மரம் பழுப்பாகிவிடும். மறுபடி எழுத வேண்டும். மறுபடி கீரை, மறுபடி முட்டை. பாத்தியில் துளிர்க்கத் துளிர்க்கப் பறித்தேன்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மலாக்காச் செட்டிமார் வீடுகள். விபூதி உண்டு, கோயில் உண்டு, பேச்சு மட்டும் மலாய். பக்கத்து வீட்டு அம்மாளை எல்லோரும் பீபீ என்போம். ஒருநாள் நான் உரலில் கீரை இடிப்பதை வேலிக்கு மேலாக நின்று பார்த்தார். “சாயுர் இனி மாக்கான் லா, புக்கான் சாட்!” என்றார். இது தின்கிற கீரை அப்பா, சாயமில்லை என்று அர்த்தம். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் போகும்போது தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

பாக்கியம் இலையை என்னிடம் கொடுக்குமுன் தண்டைக் கிள்ளி வைத்துக்கொள்வாள். அதில் குழம்பு வைப்பாள். அவள் மட்டும்தான் சாப்பிடுவாள். நாள் முழுவதும் கீரையைக் காய்ச்சிய ஆவி என் மூக்கிலேயே இருந்தது. தட்டில் கீரை வாசம் அடித்தாலே குமட்டும். எனக்கு வெள்ளைச் சோறு போதும், அவித்த மரவள்ளி போதும் என்றுவிடுவேன். சாயம் காய்ச்சுகிறவன்தான் இந்தத் தப்பைச் செய்வான். வேறு யாராவது அந்தக் காலத்தில் தட்டில் வந்த கீரையைத் தள்ளியிருப்பார்களா?

“மரம்னா உங்களுக்கு நிறந்தான். எனக்கு வயிறு” என்றாள் பாக்கியம் ஒருமுறை. அதையும் நல்ல பேச்சு என்று ரசித்தேனே தவிர, காதில் வாங்கவில்லை.

பாதத்தில் எரிச்சல் தொடங்கியது. அடுப்புச் சாம்பலை மிதித்த மாதிரி இருக்கும். ஈரத் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தேன். பிறகு எரிச்சல் போய் மரத்துவிட்டது. குணமாகிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்த வெளுப்பு.

இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கை பழகிய வேலை. நூறு தடவை எழுதிய மரம். கண் பார்க்காவிட்டாலும் கை எழுதும் என்று நம்பினேன். இந்த இடத்தை மட்டும் அழுத்திப் படியுங்கள், அல்லது படிக்கிறவரை இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு மாதம்தான் என் கண்ணைத் தின்றது.

காட்டிக்கொடுத்தது சீன்தான். புது மரத்தை மாட்டிவிட்டுத் தவுக்கே எட்ட நின்று பார்த்தார். பிறகு, “தெங்ஙா கோசோங் லா” என்றார். நடுவில் ஒன்றுமே இல்லையே என்று. ஓரத்துக் கிளைகளெல்லாம் இலை இலையாக இருந்தனவாம். நான் நேராக நின்று, உற்றுப் பார்த்து எழுதிய நடுப்பகுதியில் பச்சை மட்டும் அப்பிக் கிடந்ததாம். ஒரு இலைகூட இல்லையாம். எனக்கு அது தெரியவில்லை. வெளுப்பு மறைத்த இடத்தை மனசு நிரப்பிக்கொண்டது; நான் பார்த்தவரை மரம் முழுதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் புடவை மாற்றினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் வீங்கியவர்கள் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் பெரிபெரி (தவிடு நீக்கிய அரிசியையும் கிழங்கையும் மட்டுமே தின்பதால் நரம்பும் இதயமும் கெடும் நோய்). எனக்கு வீக்கம் இல்லாததால் நான் வேறு சாதி நோயாளி என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பாதத்தில் ஊசியால் குத்தினார். எனக்கு உறைக்கவில்லை. பிறகு முன்னால் வந்து நின்றார்.

“என்ரை மூக்கை நேராப் பாருங்கோ. என்ன தெரியுது?”

“உங்க ரெண்டு காதும் தெரியுது டாக்டர். நடுவுல மூஞ்சி இல்ல.”

“எத்தினை மாசமா இப்பிடி?”

“ரெண்டு மாசம்.”

“ரெண்டு மாசமோ! பிறகேன் இவ்வளவு நாளும் வரேல்லை?” நான் தலை குனிந்ததும், “சரி, என்ன சாப்பிடுறனீங்கள்? கீரை, முட்டை ஏதும்?” என்றார்.

எனக்கு முன்னால் பாக்கியம் பதில் சொன்னாள். “கீரையெல்லாம் துணிதான் டாக்டர் சாப்பிட்டிச்சு. முட்டையும் அதுதான். போட்டோ கடையில போய்ப் பாருங்க, நல்லாக் கொழுகொழுன்னு தொங்குது.”

டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடி ஒருமுறை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வைட்டமின் (கீரையிலும் முட்டையிலும் தவிட்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் உயிர்ச்சத்து) இல்லாமல் கண் நரம்பு வாடுகிறது என்றார். மருந்து அலமாரியைத் திறந்து காட்டினார். ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தேன். காலியாக இருந்தது. சீட்டில் ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தார்: தவிடு.

அன்றிலிருந்து தவிட்டுக் கஞ்சி. குதிரைக்கு வைக்கிற மாதிரி வாளியில் கலக்கி வைப்பாள். பறித்த கீரை இனி உரலுக்கு வராது என்று பாக்கியம் உலக்கையைப் பீபீ வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பீபீ தாப்பாய் (மரவள்ளியைப் புளிக்கவைத்துச் செய்யும் பண்டம்) கொண்டுவருவார். கிண்ணத்தைக் கையில் கொடுத்து, நான் முடிக்கும்வரை போக மாட்டார். குமட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன்.

இரண்டு மாதத்தில் காலுக்கு உணர்ச்சி திரும்பியது. முற்றத்தில் நடக்கும்போது ஒரு சிறு கல் குத்தியது. “வலிக்குது பாக்கியம்!” என்று கத்தினேன். அவள் பயந்துபோய் ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் நாலு போடவா?” என்றாள். கால் வந்துவிட்டது, கண்ணும் வரிசையில் நிற்கிறது என்று இருவரும் நம்பினோம். அந்த நம்பிக்கைதான் பிற்பாடு அதிகம் வலித்தது.

தூரம் நடக்க முடிந்ததும் அவளை அழைத்துக்கொண்டு பண்டார் ஹிலிருக்குப் போனேன். கெத்தாப்பாங் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு வெளுப்பு, அதைச் சுற்றிப் பச்சையாக ஏதோ.

“என்ன நிறத்துல இருக்கு, சொல்லு.”

“ஒரு இலை செவப்பா இருக்கு.”

“எந்தச் செவப்பு?”

“செவப்புன்னா செவப்புதான்.”

“காம்புல இருந்து செவந்திருக்கா, நுனியில இருந்தா?”

“இருங்க, மேல ஏறி அதுகிட்டயே கேட்டுட்டு வர்றேன்.”

சொல்லிவிட்டு அவளே அழுதுவிட்டாள். நான் மரத்தில் கை வைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அதைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பட்டை சொரசொரவென்று இருந்தது. யாரோ தெரியாதவரின் தோளைத் தொட்ட மாதிரி கையை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு டாக்டரிடம் மூன்று முறை போனோம். கடைசி முறை அவர் விளக்கை என் கண்ணுக்குக் கிட்ட பிடித்து வெகுநேரம் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்று வராந்தாவில் ஒரு கிழவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

“பார்வை நரம்பு வாட்டம் (கண்ணிலிருந்து மூளைக்குக் காட்சியைக் கொண்டுபோகும் நரம்பு காய்ந்துபோவது) எண்டு சொல்லுறது. கால் நரம்பு துளிர்த்திட்டுது. இது துளிர்க்காது. பொய் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை.”

“ஓரம்?”

“ஓரம் கிடக்கும். நடு வராது.”

“ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருந்தா?”

அவர் விளக்கைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ஜப்பான்காரன் போனான். அரிசி வந்தது, டின் சாயமும் வந்தது. தவுக்கே வேறு ஆளை வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்க வந்தபோது, புது ஆள் எழுதுகிற மரம் குடை மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னார். என் மனசு குளிரச் சொல்கிறார் என்று தெரிந்தது. குளிரவில்லை.

நோயோடு இருப்பவர்களுக்கு நான் சொல்ல அதிகமில்லை. பாதம் எரிந்தால் அன்றைக்கே போங்கள். பாதம் மரத்துப்போனால் குணமாகிறது என்று நினைக்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒன்றைப் பார்க்கும்போது அதன் நடு மங்கினால், அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வேலையை முடிக்கப் பார்க்காதீர்கள். பழகிவிடும் என்று உங்களிடம் சொல்வார்கள். எனக்குப் பழகவில்லை. கரண்டிக்குக் கை நீட்டினால் இன்னும் ஒரு விரல் தள்ளித்தான் போகிறது. நாளும் அப்படித்தான் ஆகிவிட்டது. விடிவது தெரிகிறது, இருட்டுவது தெரிகிறது. இடையில் இருப்பதைக் கையில் பிடிக்க முடியவில்லை. முன்பெல்லாம் ஒரு இலை பழுக்க எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். இப்போது இன்று என்ன கிழமை என்று பாக்கியத்தைக் கேட்கிறேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

“யாருகிட்ட பேசுறீங்க? என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

நேராகப் பார்த்தேன். இரண்டு தோளும், அவற்றுக்கு மேல் அந்த வெளுப்பும் இருந்தன. மெதுவாக முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினேன். கண்ணின் ஓரத்தில் அவள் வந்தாள். முகம் என்று சொல்ல முடியாது. முகத்தின் நிறம், கழுத்தின் சாய்வு, மடியில் அசையாமல் இருக்கும் கை.

“இப்ப பாக்குறேன்” என்றேன்.

“கதவைத்தான் பாக்குறீங்க” என்றாள்.