மவுத் ஆர்கன்மீது போட்ட பழி

என் கணவர் தேவராஜுக்கு முதலில் வந்தது இருமல் இல்லை. மவுத் ஆர்கனில் ஒரு சுரம் நின்றுபோனது.

அவர் வாசித்தது ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடுகளிலிருந்து பிறந்த இசை). ரயில்வே ஜங்ஷனில் வேலைபார்த்த நண்பர் கொடுத்த கேசட்டைத் தேயத்தேயக் கேட்டுப் பழகியது. மூச்சை உள்ளே இழுத்துச் சுரத்தை வளைக்க வேண்டும். விருத்தாசலத்தில் அதற்கு யார் கைதட்டுவார்கள்? "சுருதி சேரலப்பா" என்று, அவர் போய்ச் சேர்ந்த உள்ளூர்க் கச்சேரிக் குழுவினர் இரண்டாம் நாளே அனுப்பிவிட்டார்கள். "சேராம இருக்கறதுதாங்க அதுல அழகு" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். இந்த ஊரில் அவரைவிட நல்ல வாசிப்பை நான் கேட்டதில்லை. பெண்டாட்டி சொல்கிறாள் என்று தள்ளிவிடாதீர்கள்.

சுனாமிக்கு அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதிப் பாட்டில் நிறுத்தினார். "இழுக்க முடியல செல்வி" என்றார்.

பீங்கான் பட்டறையில் கல்மாவு சலிப்பது அவர் வேலை. யாரும் மூக்கை மூடுவதில்லை. வேலை முடிந்து ஒரு கட்டி வெல்லம் தின்றால் தூசு இறங்கிவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பி, சாப்பாட்டு டப்பாவில் தினமும் வெல்லம் வைத்தேன்.

பழியை மட்டும் மவுத் ஆர்கன்மீது போட்டோம். "அண்ணன் ஊதி ஊதியே நெஞ்ச கெடுத்துக்கிச்சு. மொதல்ல அத வாங்கி வைங்க அண்ணி" என்றாள் நாத்தனார். பிடுங்கி அரிசி டின்னுக்குள் ஒளித்தேன். ஆஸ்பத்திரியில் காசநோய் என்று சொல்லிக் கொடுத்த மாத்திரையை ஆறு மாதம் சாப்பிட்டார். இருமல் நிற்கவில்லை. வீட்டில் வேறு சத்தமும் இல்லை.

பிறகு புதுச்சேரியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். அதுவரை யாருமே கேட்கவில்லை. சிலிகோசிஸ் (கல்தூசு படிந்து நுரையீரல் இறுகும் நோய்) என்றார். படிந்ததை எடுக்க முடியாது, வேலையை உடனே விட வேண்டும். நான் வெல்லத்தைச் சொன்னேன்.

"சாப்பிடறது வயித்துக்குப் போவுதும்மா. தூசு நுரையீரலுக்குப் போவுது."

"அப்ப ஊதுனதால வரலீங்களா?"

"இல்லம்மா. முடிஞ்ச அளவு ஊதட்டும். மூச்சு வாங்குனா நிறுத்தட்டும்."

பஸ்ஸில் நெய்வேலி வரும்வரை அழுதேன். "எதுக்கு அழுவுற? எடுத்துக் குடு, ஊதறேன்" என்றார்.

மூன்று வருடம் இருந்தார். இரண்டு வரி வாசிப்பார், ஓய்வெடுப்பார், மறுபடி இரண்டு வரி. கடைசி வருடம் வாசித்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

சாவு வீட்டில் ஒரு உறவினர், "ஊதியே போயிட்டான்" என்றார். நான் எழுந்து நின்றேன்.

"ஊதிப் போவல. பட்டறைத் தூசு கொன்னுது. இன்னொரு வாட்டி அந்தப் பேச்சு என் வூட்ல பேசாதீங்க."



உங்கள் வீட்டில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால், என்ன வேலை பார்க்கிறார் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அவருக்குப் பிடித்ததைப் பிடுங்காதீர்கள். மிஞ்சியிருந்த கொஞ்ச காலத்தில் ஆறு மாதத்தை நான் பிடுங்கிவிட்டேன்.

என் நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. மூச்சு தடையில்லாமல் உள்ளே போகிறது. முன்பெல்லாம் அது போவதே எனக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொன்றும் தெரிகிறது, கூடவே கோபமும் வருகிறது. அந்தக் கோபத்தை ஆற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.