வெயில் விழும் இடம்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒருவர் இருந்தார். ஒடிசலான உடம்பு, கயிறு பிடித்துக் காய்த்துப்போன கைகள். மலைக்காடுகளில் ஆராய்ச்சிக்காரர்களுக்காக மரமேறியவர்.

எதிரே நாலு மாடிக் கட்டடம். சந்தில் நடுப்பகலில்தான் கொஞ்சம் வெயில் விழும். அந்த நேரத்தில், நடக்க முடியாத மனைவியைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவருவார். வெயில் நகர நகர நாற்காலியையும் நகர்த்துவார்.

"மொட்டைமாடிக்குத் தூக்கிட்டுப் போலாமே சார், நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்றேன் ஒருநாள்.

"வேணாம் சார், தூக்கினா அவளுக்கு வலிக்குது" என்றவர், எதிர்க் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். "காட்டுலயும் இப்படித்தான். எல்லாத்துக்கும் மேல தலைய நீட்டிக்கினு நாலஞ்சு மரம் நிக்கும். முழு வெயிலும் அதுங்களுக்குத்தான். அதுக்குக் கீழ கூரை போட்ட மாதிரி எல. அதுக்கும் கீழ குட்ட மரங்க. தரைக்கு வெளிச்சம் சொட்டு சொட்டாத்தான் வரும். முழங்கால் உசரக் கன்னு அத வெச்சிக்கினே வருஷக்கணக்கா நிக்கும். ஒரு பெரிய மரம் சாஞ்சா போதும், சரசரன்னு வளந்துடும்."

மனைவியின் போர்வையைச் சரிசெய்தார். "அதுவரைக்கும் உயிரப் புடிச்சிக்கினு இருக்கணும்."

அந்த அம்மாள் தை மாதம் இறந்துபோனார். மாசியில், புதிதாகக் கட்டுவதற்காக எதிர்க் கட்டடத்தை இடித்தார்கள். எங்கள் வாசல் முழுக்க வெயில் கொட்டியது. பெண்கள் வடாம் காயவைத்தார்கள். அவர் மட்டும் படிக்கட்டுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் அவர் காலருகே வந்தபோது எழுந்து, நாற்காலியை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்.