தட்டிக்கு அந்தப் பக்கத்து வகுப்பு

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஞானப்பூ டீச்சர் இறந்துபோன செய்தியை, மத்தியான பஸ்ஸில் வந்த அவருடைய தம்பி பள்ளிக்கூடத்தில் வந்து சொன்னார். நான் நான்காம் வகுப்புக்குப் பெருக்கல் நடத்திக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை என்னை வெளியே அழைத்துச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் என்னைத் தாண்டிக்கொண்டு, அவருடைய வகுப்பைப் பார்த்து அழுதபடி ஓடினார்கள். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. நான் செத்தால் இப்படி யார் ஓடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவரை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். எங்கள் இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் நீங்கள். வேறு விதமாக எழுதினால் நம்பமாட்டீர்கள்.

யுத்தம் தொடங்கிய சமயத்தில், திருச்சுழிப் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பள்ளிக்கூடம் வேண்டுமென்று பலர் அலைந்து வாங்கியது இது. கட்டடம் கிடையாது. பருத்தி மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நடுவில் மூங்கில் தட்டி வைத்து இரண்டு வகுப்பாக்கினார்கள். மல்லாங்கிணற்றுப் பக்கத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டிலிருந்து வந்த நான் ஒரு பக்கம். அருப்புக்கோட்டை மிஷன் பள்ளியில் பயிற்சி முடித்து வந்த ஞானப்பூ மறுபக்கம். என் பக்கம் ஊசி விழுந்தால் கேட்கும். அவர் பக்கம் எந்நேரமும் சிரிப்பு. என் பிள்ளைகள் வாய்பாடு எழுதிக்கொண்டே தட்டியின் ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் பொறுக்காமல் போய்க் கேட்டேன். "சிரிச்ச பிள்ளதான் நாளைக்கும் வரும் டீச்சர்" என்றார். மறுநாள் இரண்டு பக்கத்திலும் வந்திருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். அவர் பக்கம்தான் அதிகம்.

பருத்தி எடுப்பு வந்தால் பள்ளிக்கூடம் காலியாகிவிடும். சின்னஞ்சிறுசுகள்கூட மடியைக் கட்டிக்கொண்டு தாயோடு பருத்திக் காட்டுக்குப் போய்விடும். அந்த மாதங்களில் மட்டும் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு நாம் போனால் என்ன என்று தலைமையாசிரியையிடம் நான்தான் கேட்டேன். மேலே கேட்க வேண்டும் என்றார். நான் காத்திருந்தேன். ஞானப்பூ யாரையும் கேட்கவில்லை. மத்தியானக் கஞ்சி நேரத்தில் காட்டுக்குப் போய், வேப்பமர நிழலில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கரிசல் மண்ணில் குச்சியால் எழுதச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்து இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்துவிட்டார். ஒட்டிக்கொண்டிருந்த சில பிள்ளைகளோடு நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். இப்படியே வருகை இருந்தால் ஆண்பிள்ளைகள் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்றார். சேர்த்தால் ஒரு தாயும் தன் மகளை அனுப்பமாட்டாள் என்பது எங்களுக்குத் தெரியும். தலைமையாசிரியை கையைப் பிசைந்தார். வேறு வழியில்லாமல் நானே வண்டி கட்டச் சொல்லி அந்த அம்மாவைக் காட்டுக்கு அழைத்துப்போனேன். மடி நிறையப் பருத்தியோடு பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து மண்ணில் தங்கள் பெயரை எழுதினார்கள். ஒரு தாய் தன் மகள் எழுதியதை மிதித்துவிடாமல் சுற்றிப் போனாள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா குனிந்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். பிறகு, இது யாருடைய யோசனை என்று கேட்டார்.

"இவுக யோசனைதான்" என்று ஞானப்பூ என்னைக் காட்டினார். "நான் வந்து ஒக்காந்தேன், அம்புட்டுத்தான்."

பள்ளிக்கூடம் நிலைத்தது. பாராட்டு எனக்கு வந்தது. ஆனால் வண்டி திரும்பியபோது பிள்ளைகள் கையசைத்தது அவருக்கு. கோபப்படக்கூட அவர் எனக்கு இடம் வைக்கவில்லை.

என் மகள் செல்லத்தாயின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். எட்டாவது முடித்ததும் ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறேன் என்றாள். வீட்டுக்காரர் முறைமாப்பிள்ளைக்குப் பேசி முடிக்க இருந்தார். நான் சண்டை போட்டேன், பட்டினி கிடந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சாயங்காலம் ஞானப்பூ வந்தார். மழையைப் பற்றியும் விதைப்பைப் பற்றியும் என் வீட்டுக்காரரோடு பேசினார். எழுந்திருக்கும்போது, "மழ இல்லாத வருசத்துலயும் இவ ஒங்கள ஒக்காரவச்சுச் சோறு போடுவா அண்ணாச்சி. படிக்க விடுங்க" என்றார். வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். நான் அத்தனை நாளும் சொன்னதும் இதைத்தான். செல்லத்தாய் ஓடிவந்து ஞானப்பூவைத்தான் கட்டிக்கொண்டாள். டீச்சர் மாதிரி ஆகணும் என்று அவள் சொன்னபோதெல்லாம், வீட்டிலேயே ஒரு டீச்சர் இருப்பது அவள் நினைவுக்கு வந்ததில்லை.

அவருக்கு என்மேல் துளிப் பொறாமைகூட இருந்ததில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. கணக்கில் தடுமாறும் பிள்ளைகளை, "அந்தப் பக்கம் போ, அவுக சொன்னா வெளங்கும்" என்று தட்டியைத் தாண்டி அனுப்பிவைப்பார்.

காய்ச்சல் முற்றி மதுரைக்குக் கொண்டுபோன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ஆள் பாதியாகிவிட்டார். தன்னுடைய இரண்டாம் வகுப்பை நான் எடுத்துக்கொள்ள வேண்டும், வேறு யாரிடமும் கொடுத்துவிடக்கூடாது என்றார். பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்காதே என்றேன்.

"எம்மேல ஒங்களுக்கு இருக்கிற காந்தல் எனக்குத் தெரியாதா டீச்சர்" என்றார். குரலில் குத்தல் இல்லை. "என்னைய விட நல்லா நடத்தணும்னு நெனைக்கிற ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். அதனாலதான் கேக்குறேன்."

இத்தனை வருஷம் மறைத்துவைத்திருப்பதாக நான் நினைத்திருந்தேன். அவரோ அதைத் தெரிந்துகொண்டு, கடைசியில் அதனிடமே தன் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுப் போனார். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறி, வழியெல்லாம் புகையைத் தின்றுகொண்டு வந்து சேர்ந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்த மறுநாள் இரண்டாம் வகுப்புக்குப் போனேன். சண்முகத்தாய் என்ற பிள்ளை எழுந்து நின்று, "நீங்க எங்க டீச்சர் இல்ல" என்றாள். இல்லைதான், உட்கார், கழித்தல் போடுவோம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்த வகுப்புதான். நான் இன்னும் சிரிக்கவைக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் பிள்ளைகள் வருகிறார்கள். நேற்று சண்முகத்தாய் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்றைப் போட்டு முடித்துவிட்டு, சிலேட்டை என்னிடம் நீட்டி, தன்னை அறியாமல், "சரியா ஞானப்பூ டீச்சர்?" என்று கேட்டாள்.

வயிறு எரியத்தான் செய்தது. சரிதான் என்றேன். பெயரைத் திருத்தவில்லை.