குப்பை வண்டியின் பின்னால் ஊர்வலம்

பிள்ளைகளே, நான் தில்லியில் மாநகராட்சிக் குப்பை வண்டி ஓட்டுகிறேன். எங்கள் பக்கம் பழைய குவார்ட்டர்ஸை இடித்ததும் பல குடும்பங்கள் போய்விட்டன. பிள்ளைகள் குறைந்ததால், என் மகள் படிக்கும் மாநகராட்சிப் பள்ளியை மூடுவதாக இருந்தார்கள். கடைசியாக அதிகாரிகளுக்கு ஒரு யோசனை வந்தது. என் வண்டியில் வழக்கமாக ஒலிக்கும் பாட்டுக்குப் பதிலாக, இந்தியிலும் தமிழிலும் என் மகளின் குரலை ஒலிக்கவிட்டார்கள்: "எங்க ஸ்கூல்ல சேருங்க!"

தமிழர்கள் வாழும் குடிசைப் பகுதிக்குள் நுழைந்ததும் ஓர் அம்மா ஒரு கையில் வாளியும் மறு கையில் மகனுமாக ஓடிவந்தார்.

"அண்ணே, ரெண்டையும் எடுத்துக்குவீங்களா?"

"வாளியை மட்டும் கொட்டுங்கம்மா! தம்பி பின்னாடி நடந்து வரட்டும்!"

அவன் பின்னால் தெருவே கிளம்பிவிட்டது. பள்ளி வாசலில் தலைமையாசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தெருப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துவிட்டதால் பள்ளியை மூடவில்லை. இப்போது பெஞ்சில் இடமில்லை என்று என் மகள் சண்டை போடுகிறாள். எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை.