மூணாம் நம்பர் ட்ரஃபில் ஒரு கீபோர்டு

தேயிலை ஃபேக்டரி ஆபீசில் வேலை பார்ப்பவனுக்கு இரண்டு முதலாளிகள்: ஒன்று மேனேஜர், இன்னொன்று மூடுபனி. மேனேஜராவது ஞாயிற்றுக்கிழமை லீவு எடுப்பார்.

கோத்தகிரிப் பக்கம், சிறு விவசாயிகளிடம் பச்சைக் கொழுந்து வாங்கித் தூளாக்கும் ஒரு ஃபேக்டரியில் நான் ஆபீஸ் அசிஸ்டெண்ட். கேட் பாஸ், லாரி லிஸ்ட், குன்னூர் ஏலத்துக்குப் போகும் கடிதம், நோட்டீஸ் போர்டு அறிவிப்பு எல்லாம் நான்தான் அடிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாத பைக்கை விற்க மனசில்லாமல் தினமும் தள்ளிக்கொண்டு போகிறவர்கள், நின்றுபோன வாட்சைக் கழற்றாமல் பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்கிறவர்கள், உங்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

அறுபத்தொரு பட்டன்

தீபாவளி போனஸில் கோயம்புத்தூர் போய் வாங்கி வந்தேன். மெக்கானிக்கல் கீபோர்டு. ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் தனி சுவிட்ச், தனி ஸ்பிரிங். அமுக்கினால் அமுக்கியது விரலுக்குத் தெரியும். சாதாரண கீபோர்டில் நூறு பட்டனுக்கு மேல் இருக்கும், இதில் அறுபத்தொன்றுதான். அம்புக்குறிகள் கிடையாது, பக்கவாட்டு எண்கள் கிடையாது. மேலே போக வேண்டுமென்றால் ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அமுக்க வேண்டும். பழகிவிட்டால் கையைத் தூக்கவே வேண்டாம்.

இதையெல்லாம் எங்கள் டீ மேக்கர் நஞ்சப்பன் அண்ணனிடம் ஆசை ஆசையாகச் சொன்னேன். தூளின் பக்குவத்துக்குப் பொறுப்பு அவர்தான். எதையும் ஒரு தடவை கையில் எடுத்து எடை பார்க்காமல் பேச மாட்டார். கீபோர்டை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். டப்பாவுக்குள் குனிந்து பார்த்தார். பிறகு கவலையோடு கேட்டார்: "மீதியை அடுத்த வாரம் அனுப்பறேன்னு சொன்னானா தம்பி?"

ஆலங்கட்டி மழை

எனக்குக் குரல் சின்னது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் "வணக்கமுங்க" என்றால் பாதிப்பேர் நான் கொட்டாவி விட்டதாக நினைப்பார்கள். கீபோர்டு எனக்கு நேர் எதிர். பேசாத பையனுக்குப் பேசுகிற பெண்டாட்டி வாய்த்த மாதிரி, நான் ஒரு வரி அடித்தால் அடுத்த அறையில் இருப்பவருக்கு எத்தனை எழுத்து என்று தெரியும்.

ஒரு நாள் குன்னூரிலிருந்து ஏலப் புரோக்கர் ஆபீஸ்காரர் போன் பண்ணினார். அவர் சொல்லச் சொல்ல, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடித்தேன். நடுவில் நான் சொன்ன பதில் ஒன்றுகூட அவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் அவரே பரிதாபப்பட்டு வைத்துவிட்டார்: "ஏனுங்க தம்பி, இங்க பளிச்சுன்னு வெயிலடிக்குதுங்க. உங்க பக்கம் தகரத்து மேல ஆலங்கட்டி விழறது எனக்கே கேக்குது. மழை உட்டதும் பேசறேனுங்க."

நாலாயிரம் மூட்டை

இதுவரை சொன்னது குறையே இல்லை. குறை இனிமேல்தான்.

மலையில் பனி இறங்கினால் சுவிட்சுக்குள் ஈரம் புகுந்துவிடும். காலை எட்டு மணிக்கு ஆபீசைத் திறந்தால் பத்துப் பட்டனாவது வேலைநிறுத்தத்தில் இருக்கும். இன்னும் இரண்டு மூன்று, ஒரு தடவை அமுக்கினால் மூன்று தடவை பதில் சொல்லும். ஊதிப் பார்த்தேன். தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன். ஸ்வெட்டருக்குள் வைத்து, முட்டையை அடைகாக்கிற கோழி மாதிரி அரை மணி நேரம் உட்கார்ந்தும் பார்த்தேன். எழுத்தாவது பரவாயில்லை, திருத்திவிடலாம். பூஜ்யம்தான் துரோகி.

நாற்பது மூட்டை ஏற்றிய லாரிக்குக் கேட் பாஸ் அடித்து, அவசரத்தில் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். கேட்டில் வாட்ச்மேன் அதை இரண்டு தடவை படித்தார். லாரியைச் சுற்றி ஒரு நடை வந்தார். பிறகு அவ்வளவு மரியாதையாக என்னிடம் திரும்பி வந்து சொன்னார்: "நாலாயிரம் மூட்டைக்கு இந்த லாரி பத்தாதுங்க தம்பி. மொதல்ல கோத்தகிரிக்கு ரயில் உடச் சொல்லுங்க."

பீரோவுக்குள் இருந்தது

கேட் பாஸ் கதை மேனேஜர் சார் காதுக்குப் போனது. அவர் கோபப்படுகிற ஆள் இல்லை; பீரோவைத் திறந்து, பிரிக்காத புது ஆபீஸ் கீபோர்டு டப்பாவை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். முழு நீளம், எல்லாப் பட்டனும் உண்டு, அமுக்கினால் ஊறின பிஸ்கட்டை அமுக்குகிற மாதிரி இருக்கும். ஒன்பதரைக்கு லாரி கிளம்பும். அதற்குள் லிஸ்ட் வர வேண்டும். அவ்வளவுதான் அவர் கணக்கு. டப்பாவை ஒரு விரலால் தட்டிச் சொன்னார்: "இன்னொரு நாள் உங்க கீபோர்டால வேலை நின்னா, அது ஊட்டுக்குப் போயிருமுங்க. தனியாப் போகுமா, உங்களையும் கூட்டிட்டுப் போகுமாங்கறத அன்னைக்குப் பார்த்துக்கலாம்."

வாட்டம் பத்தவில்லை

வழி காட்டியது சரோஜா அக்கா. கீழ் கோத்தகிரியிலிருந்து வருகிறவர். கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை. அங்கே நீள நீளமாக வலைத் தொட்டிகள் இருக்கும், ட்ரஃப் என்போம். வலை மேல் கொழுந்தைப் பரப்பிவிட்டு அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்றை விடுவார்கள். ராத்திரி முழுக்க வாடிய கொழுந்து, காலையில் வரிசையாக, நசுக்கித் தூளாக்கும் ரோலருக்குப் போகும். "என்னா தம்பி, பச்சப் புள்ளயத் தூக்கிட்டு அலையிற மாதிரி அலையிறீங்க? இங்க போடுங்க" என்றார். மூணாம் நம்பர் ட்ரஃபின் முறை பதினொரு மணிக்குத்தான். அதன் ஓரத்தில், கொழுந்தின் மேல் வைத்தேன். இருபது நிமிடத்தில் அறுபத்தொரு பட்டனும் உயிர் பிழைத்து வந்தன.

அன்றிலிருந்து தினமும் காலை இதே வைத்தியம். லிஸ்ட் ஒன்பது மணிக்கே தயார். மேனேஜர் சார் ஆச்சரியப்பட்டார், காரணம் கேட்கவில்லை. ஆபீசில்தான் எந்நேரமும் பச்சை வாசம். ஒரு நாள் நஞ்சப்பன் அண்ணன், கைப்பிடிக் கொழுந்தை இறுக்கிப் பார்க்கிற மாதிரியே கீபோர்டை ஒரு பிடி பிடித்தார், மோந்து பார்த்தார், தீர்ப்புச் சொன்னார்: "வாசம் வந்துருச்சு. வாட்டம் பத்தலை. இன்னும் ரெண்டு மணி நேரம் போடு தம்பி."

சிவப்புப் பட்டன்

ஒரு திங்கட்கிழமை இரண்டு விஷயங்கள் எனக்குத் தெரியாது. ஒன்று, ராத்திரி ஒண்ணாம் நம்பர் ட்ரஃபின் ஃபேன் நின்றுபோய், அங்கே கொழுந்து வாடவில்லை. அதனால் மூணாம் நம்பரை முதலில் எடுக்கிறார்கள். இரண்டு, சரோஜா அக்கா காலையில் இரண்டு மணி நேரம் பர்மிஷன். நான் வழக்கம்போல் வைத்துவிட்டு, போன் அடித்ததால் ஆபீசுக்குப் போனேன். திரும்பி வந்தபோது ட்ரஃப் காலி. துடைத்து வைத்த மாதிரி காலி.

அடுத்தது ரோலர். பல் வெட்டின இரும்பு உருளைகள்; போன வாரம்தான் பல் தீட்டிப் பொருத்தியிருந்தார்கள். கல் ஒன்று உள்ளே போனாலே பல் தெறிக்கும், ஃபேக்டரி நிற்கும், நூறு தோட்டத்துக் கொழுந்து தொட்டியிலேயே வெந்து வீணாகும். ஓடினேன். "நிறுத்துங்க!" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. நஞ்சப்பன் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் எனக்குப் பசிக்கிறது என்று நினைத்து கேண்டீன் பக்கம் கை காட்டினார். தூணில் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. ஓங்கி அமுக்கினேன். மொத்த ஃபேக்டரியும் மூச்சை நிறுத்தியது. அந்த அமைதியில், என் சின்னக் குரல் முதல் முறையாக எல்லோருக்கும் கேட்டது: "என் கீபோர்டுங்க..."

ரோலருக்குப் பத்தடி முன்னால், கொழுந்து போகும் பெல்ட்டுக்கு மேலே, கொழுந்தில் கலந்து வருகிற ஆணி, கம்பியைப் பிடிக்க ஒரு காந்தம் தொங்கும். என் கீபோர்டின் வயிற்றில் இரும்புத் தகடு. வௌவால் மாதிரி அந்தக் காந்தத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது. நஞ்சப்பன் அண்ணன் அதை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "இருவது வருசமா இதுல ஆணிதான் மாட்டுச்சு. இப்பத்தான் ஆபீஸே மாட்டியிருக்குது."

காம்பு இல்லாதது

கழற்றி எண்ணினேன். அறுபது. ஒரு பட்டனின் மூடியைக் காணோம். காந்தத்துக்கு பிளாஸ்டிக் அகப்படாது. அது ரோலருக்குள் போய்த் தூளோடு கலந்தால், ஏலத்தில் அந்த லாட்டையே யாரும் தொட மாட்டார்கள். மேனேஜர் சார் வந்தார், பார்த்தார், சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். தார்ப்பாய் விரித்து, கொழுந்தைக் கொட்டி, ஒன்பது பேர் முட்டி போட்டுத் தேடினோம். கீபோர்டின் நிறத்தை நான் உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. பச்சை. தேயிலைப் பச்சை. அந்த நிறத்துக்காகவே வாங்கினேன்.

அரை மணி நேரம் ஆயிற்று. கொழுந்து கையில் சுடத் தொடங்கியது. எனக்கு வேலை போனது என்று நிச்சயமாகிவிட்டது. வீட்டில் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். அப்போது பர்மிஷன் முடிந்து சரோஜா அக்கா உள்ளே வந்தார். நாங்கள் எல்லோரும் கும்பிட்டு விழுந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, என்னவென்று கேட்டு, தார்ப்பாயின் ஓரமாக உட்கார்ந்து கொழுந்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. என் உள்ளங்கையில் அதை வைத்து மூடினார்: "கொழுந்துன்னா காம்பு இருக்கும் தம்பி. இதுக்குக் காம்பு இல்ல."

விசாரணை

மெஷின் மறுபடி ஓடியது. கொழுந்து கெடவில்லை, முதல் தூளை நஞ்சப்பன் அண்ணனே போட்டுக் குடித்துப் பார்த்து, தலையை ஆட்டினார். மதியம் மேனேஜர் சார் கூப்பிட்டார். நான் நின்றேன். மேஜையில் அந்தப் புது டப்பாவும் இருந்தது.

"மெஷினை நிறுத்தினது யாருங்க?"

"நான்தானுங்க."

"சத்தமாச் சொல்லுங்க."

"நான்தானுங்க!"

ஓடுகிற மெஷினை நிறுத்தப் பயந்து யாராவது சும்மா நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சார் டப்பாவை எடுத்துப் பீரோவுக்குள் திரும்ப வைத்தார். என்னுடையது ஆபீசுக்குள்ளேயே இருக்கலாம், ஃபேக்டரி வாசலைத் தாண்டக் கூடாது, ஈரம் காய மேஜைக்கு மேல் ஒரு குண்டு பல்பு போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் தீர்ப்பு. நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "நீங்க இங்க சேர்ந்ததுல இருந்து, அமுக்கி ஒரே தடவையில வேலை செஞ்ச பட்டன் அந்தச் சிவப்பு ஒண்ணுதானுங்க."

சாயங்காலமே ஃபேக்டரி வாசலுக்குப் புது நோட்டீஸ் ஒன்று அடிக்கச் சொன்னார்: வளையல், ஹேர்பின், பீடி, தீப்பெட்டி, கீபோர்டு ஆகியவற்றை உள்ளே கொண்டுவரக் கூடாது. வெளியே நல்ல பனி. பல்பும் இன்னும் மாட்டவில்லை. தன்னை உள்ளே விடக் கூடாது என்ற உத்தரவை ஒரு பட்டன்கூட முரண்டு பிடிக்காமல் ஒரே மூச்சில் அடித்துக் கொடுத்த கீபோர்டை எந்த மனசோடு மாற்றுவது என்று, உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லாமல் இருங்கள்.