திருமணப் படத்தில் நான் இல்லை

கொழும்பில் கடவுச்சீட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும் அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் உறைகள் கிடைத்தன. என் கடவுச்சீட்டில் மாணவர் விசா ஒட்டியிருந்தது. என் கணவருடையதில் எதுவும் இல்லை. அதற்குள் இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். வாசலில் நின்றபடியே வாசித்தேன். அவர் என் கணவர் என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். அப்போது எங்களுக்குத் திருமணமாகி இரண்டரை வருடம்.

அவர் கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பிறகு அடுத்த புத்தளம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மறுநாள் காலை அவருக்கு வேலை இருந்தது.

நாட்டின் பெயரை நான் எழுதவில்லை. பெயரை எழுதினால் வாசிப்பவர்கள் அந்த நாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது எங்களைப் பற்றி.

அந்த நாட்களில் நான் முந்தலில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். சுற்றியுள்ள இறால் பண்ணைகளிலிருந்து தண்ணீரும் இறாலும் கொண்டுவருவார்கள், நாங்கள் பரிசோதித்துச் சொல்வோம். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் ஒரு குளம் முழுவதும் சில நாட்களில் செத்துவிடும். செத்த இறாலைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு ஒரு பண்ணைக்காரர் வாசலில் வந்து நின்றால், அவருக்குச் சொல்ல என்னிடம் இருந்தது நோயின் பெயர் மட்டுந்தான். அதுவும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் படிக்க வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் வந்தது. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருட முதுமாணிப் பட்டப்படிப்புக்கு இடமும் புலமைப்பரிசிலும் கிடைத்தன.

வாப்பா ஒரேயொரு நிபந்தனை வைத்தார். "மாப்பிள்ளையோட எண்டா போங்க மகள். தனிய அனுப்ப எனக்கு மனசு வராது."

என் கணவர் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் இரும்பு ஒட்டும் வெல்டிங் வேலை செய்பவர். எங்கள் வீடு பாலாவியில். காலையில் அவர் ஒரு பக்கமும் நான் மறுபக்கமுமாக பஸ் ஏறுவோம். ஒரு வருடம் சம்பளமில்லாத விடுமுறை எடுத்துக்கொண்டு வருவதாக அவர் உடனே சொன்னார். அங்கே போய் ஏதாவது வேலை தேடிக்கொள்வேன், நீங்கள் படியுங்கள் என்றார். இதை அவர் ஒரு தியாகம்போலச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

புத்தளம் நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவர் இருந்தார். என்னைவிட இளையவர், எப்போதும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். வெள்ளைத் தாளில் கோடு கிழித்து விசா வகைகளை எங்களுக்கு விளக்கினார். பட்டப்படிப்புக்கு ஒன்று, சில மாத ஆங்கிலப் பயிற்சிக்கு வேறொன்று. முதலாளி அழைத்தால் தொழில் விசா. படித்து முடித்த பிறகு அங்கேயே தங்கி வேலை தேட இன்னொன்று. கடைசியாக, படிக்கப் போகிறவரின் கணவனுக்கோ மனைவிக்கோ கொடுப்பது. அதன் பெயர் டிப்பெண்டன்ட். "அப்பிடியெண்டா, நானா, மிஸ்ஸில தங்கி வாழுற ஆள்" என்று அவர், அண்ணனை அழைப்பதுபோல, என் கணவருக்கு விளங்கப்படுத்தினார். என் கணவர் சிரித்தார். பெண்சாதியின் விசாவில் போகிறவன் என்று வேலைத்தலத்தில் ஏற்கனவே பகிடி பண்ணத் தொடங்கியிருந்தார்கள். அதை அவர் எனக்குச் சொன்னது நெடுநாளைக்குப் பிறகு.

சிக்கல் விவாகப் பதிவில் தொடங்கியது. சிலாபத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதி வாங்கியிருந்தோம். கழுத்துப்பட்டிக்காரர் அதை இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் கையெழுத்து எங்கே என்று கேட்டார். மாப்பிள்ளையின் கையெழுத்து இருந்தது. என் பொறுப்பாளராக வாப்பா கையெழுத்திட்டிருந்தார். சாட்சிகள் இருவரும் இட்டிருந்தார்கள். என்னுடையது இல்லை. அன்று யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. எங்கள் ஆட்களில் மணப்பெண் கையெழுத்திடுகிற வழக்கம் இல்லை. இப்போது சில இடங்களில் இடுகிறார்களாம்.

சரி, படங்களைத் தாருங்கள் என்றார். ஏழு படங்கள் இருந்தன. பெண்கள் பக்கம் கமெரா வரக்கூடாது என்று வாப்பா சொல்லியிருந்ததால் எல்லாம் முன் விறாந்தையில் எடுத்தவை. ஒன்றில் என் கணவர் வாப்பாவின் கையைப் பிடித்தபடி நிக்காஹ் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒன்றில் சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு ஆண்கள் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறார்கள். மற்றொன்றில் பதிவாளர் எழுதுகிறார். ஏழிலும் நான் இல்லை. அந்த நேரம் நான் உள்ளறையில் உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாட்சிகள் கதவடியில் வந்து சம்மதமா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். அந்த ஓம் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

எங்கள் வழக்கத்தை விளக்கி ஒரு கடிதம் எழுதி, இருந்தவற்றை அனுப்பினோம். கடவுச்சீட்டோடு வந்த அந்த இரண்டு பக்கக் கடிதம் நிக்காஹ் படத்தைப் பற்றியும் சொன்னது. விண்ணப்பதாரர் வயதான ஓர் ஆணின் கையைப் பிடித்திருப்பது தெரிகிறது, மணப்பெண் எந்தப் படத்திலும் காணப்படவில்லை, பதிவிலும் அவருடைய கையெழுத்து இல்லை. பஸ்ஸில் சிலாபம் தாண்டும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. என்னை எரிச்சல்படுத்தியது அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பாவிடம் போனேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. ஏன் அன்று என்னிடம் பேனையைத் தரவில்லை என்று கேட்டேன். அவர் அதிர்ந்து போனார். தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது அவருடைய நிக்காஹ் பதிவு அங்கேயே போய்விட்டது. அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் உம்மா உங்கள் மனைவியா என்று அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. நான் கேட்பது அவருக்கு விளங்கவேயில்லை.

"உங்கட சம்மதத்தக் கேட்டுட்டுத்தானே நான் கையெழுத்துப் போட்டன்" என்றார். பிறகு, சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்துத் தருகிறேன், என் மகளை நான்தான் கட்டிக் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்திடுகிறேன் என்றார்.

"அதிலயும் உங்கட கையெழுத்துத்தானே வாப்பா."

வாப்பா மறுநாளே போய் அதை முடித்துக்கொண்டு வந்தார். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது விண்ணப்பத்துக்குக் கழுத்துப்பட்டிக்காரர் ஒரு யோசனை சொன்னார். நல்ல சாரி ஒன்றை உடுத்திக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய் மாலை போட்டு நின்று இரண்டு படம் எடுங்கள், திருமண நாள் என்று கொடுத்துவிடலாம். பலர் அப்படிச் செய்கிறார்களாம். இரண்டு நாள் யோசித்தேன். இல்லை என்று சொல்ல முடியாது, யோசிக்கத்தான் செய்தேன். கடைசியில் என் கணவர்தான் வேண்டாம் என்றார். உண்மையாகக் கட்டிய பெண்ணைப் பொய்ப் படம் காட்டி நிரூபிக்கத் தன்னால் முடியாது என்றார்.

அப்படியென்றால் தொலைபேசிச் செய்திகளை அச்சடித்துக் கொடுங்கள் என்றார் கழுத்துப்பட்டிக்காரர். ஒரு வருடச் செய்திகளை அச்சடித்தோம். கத்தையாக வந்தது. அவர் மஞ்சள் பேனை ஒன்றை எடுத்துக்கொண்டு அன்பான வரிகளைத் தேடினார். பாண் வாங்கிக்கொண்டு வாங்க. தண்ணி மோட்டரை நிறுத்தினீங்களா. இண்டைக்கு வரச் சுணங்கும். உம்மாவுக்கு மருந்து முடிஞ்சு. பக்கம் பக்கமாக இதுவேதான். பேனையின் மூடியைக் கழற்றியவர் ஒரு கோடும் போடாமல் மூடினார். கொஞ்சம் சங்கடப்பட்டுக்கொண்டு, நானா, மனசுல உள்ளதை மிஸ்ஸுக்கு எழுதவே மாட்டீங்களா என்று கேட்டார்.

"ஒரே வீட்டுல இரிக்கிற ஆளுக்கு என்னத்துக்கு எழுதுறது?" என்றார் என் கணவர்.

வீடு வாப்பாவுடையது, மின்சாரக் கட்டணப் பட்டியல் அவருடைய பெயரில் இருந்தது. தண்ணீர்ப் பட்டியலும் அப்படித்தான். எங்கள் இருவர் பெயரிலும் சேர்த்து ஒரு வங்கிக் கணக்குகூட இல்லை. நாங்கள் சேர்ந்து வாழ்ந்ததற்குத் தாளில் ஒரு தடயமும் இல்லை என்பதை அந்த மேல்மாடி அறையில்தான் கண்டுபிடித்தேன்.

இந்தத் தடவை என் கணவரை நேர்முகத்துக்கு அழைத்தார்கள். கொழும்பில் ஓர் அறையில் கதிரையில் இருத்தி, திரையில் தெரிந்த ஓர் அதிகாரி கேட்க, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தொலைபேசியில் தமிழில் சொன்னாராம். நான் வெளியே காத்திருந்தேன். அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார். பஸ் வென்னப்புவ தாண்டும்போது நடந்ததைச் சொன்னார். திருமணத்தன்று மனைவி என்ன நிறத்தில் உடுத்திருந்தார் என்று கேட்டார்களாம். தெரியாது என்று சொன்னாராம்.

எனக்கு அழுகை வந்தது. மெரூன் என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நான் காணல்லையே. பின்னேரம் உங்களக் காணக்குள்ள நீங்க மாத்தி உடுத்திருந்தீங்க."

அது உண்மை. கூட்டத்தின் புழுக்கம் தாங்காமல் அஸர் தொழுகைக்குப் பிறகு சாதாரண ஆடை ஒன்றுக்கு மாறியிருந்தேன். அவர் என்னை முதலில் பார்த்தது அதில்தான். இன்னும் என்ன கேட்டார்கள் என்றேன். பிள்ளைகள் ஏன் இல்லை என்று கேட்டார்களாம். அதற்கு என்ன சொன்னார் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யன்னலுக்கு வெளியே தென்னந்தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க நான்தான் வழி செய்துவிட்டேன் என்று தோன்றியது.

இரண்டாவது மறுப்பு மூன்று வாரத்தில் வந்தது. பல்கலைக்கழகம் என் இடத்தை ஒரு வருடத்துக்குத் தள்ளி வைத்தது. என் கடவுச்சீட்டில் இருந்த விசா பயன்படாமலே முடிந்துபோனது. அந்த வருடமும் முந்தலில் குளங்கள் செத்தன. நானும் நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை விண்ணப்பிக்கப் போனபோது கழுத்துப்பட்டிக்காரர் புன்னகையோடு வரவேற்றார். சட்டம் மாறிவிட்டதாம். என்னுடையதைப் போன்ற படிப்புக்குப் போகிறவர்கள் இனிமேல் கணவனையோ மனைவியையோ கூட்டிப் போகவே முடியாதாம். "இப்ப பிரச்சினை ஒண்டும் இல்ல மிஸ், தனியத்தான் போகலாம்" என்றார். அவர் அதை நல்ல செய்தியாகவே சொன்னார். இவ்வளவு நாளும் நாங்கள் நிரூபிக்கப் பாடுபட்ட விடயத்தை இனி நிரூபிக்கவே தேவையில்லை. தாள்களையெல்லாம் ஒரு பையில் போட்டுத் திருப்பித் தந்தார்.

புதிய விண்ணப்பத்தில் திருமணமானவரா என்று ஒரு கேள்வி இருந்தது. ஓம் என்பதற்கு நேரே அடையாளமிட்டேன். யாரும் ஆதாரம் கேட்கவில்லை. கணவர் கூட வராதபோது எனக்குத் திருமணமாகிவிட்டது என்பதை நம்புவதில் அவர்களுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

வாப்பாவிடம் இந்தத் தடவை நான் அனுமதி கேட்கவில்லை, போகிறேன் என்று சொன்னேன். தனக்கு விருப்பமில்லை, ஆனால் மறிக்கவும் மாட்டேன் என்றார். விமான நிலையத்துக்கு வரவில்லை. புறப்படும் நேரம் என் தலையில் கை வைத்து துஆச் செய்தார்.

போனேன். படித்தேன். ஒரு வருடம் நல்லபடியாகத்தான் போனது. ஆய்வுகூடம் நல்லது, ஆசிரியர்கள் நல்லவர்கள். பகல் முழுவதும் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருப்பேன். மாலையில் கணவர் அழைப்பார். இருவரும் என்ன சமைத்தோம் என்று சொல்லிக்கொள்வோம். உடன் படித்தவர்களில் பலர் படிப்புக்குப் பிறகு வேலை தேடும் விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். எனக்கு ஒரு மீன் நோய் ஆய்வுகூடத்தில் வேலையே தருவதாகச் சொன்னார்கள். அந்தத் தொழில் விசாவில் கணவரைக் கூப்பிடவும் இடம் இருந்தது. அன்று மாலை அவரிடம் சொன்னேன். அவருக்குப் பின்னால் பள்ளிவாசலில் வாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. அது முடியும்வரை இருந்தார்.

"நீங்க அங்க இருந்து வேலை செய்ங்க, நான் மறிக்க மாட்டன். என்னத் திரும்ப அந்தக் கதிரையில மட்டும் இருத்தாதீங்க."

அடுத்த கிழமை ஊருக்குத் திரும்ப டிக்கட் எடுத்தேன். நல்ல வாய்ப்பை வீணாக்கிவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. உடன் படித்த ஒருத்தி, உன் கணவரின் ரோஷத்துக்காக நீ ஏன் இழக்க வேண்டும் என்று எழுதினாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் சொன்னதிலும் இருந்தது. இரண்டு நியாயங்களையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்பது எந்த விசா வகையிலும் எழுதியிருக்கவில்லை.

விமான நிலையத்துக்கு அவர் வேலை முடிந்த கையோடு வந்திருந்தார். ஒட்டு வேலையின் பொறி பட்டு ஓட்டையான சேர்ட்டைக்கூட மாற்றவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு, உடம்பு மெலிந்துவிட்டது என்றார். திங்கட்கிழமை நான் முந்தலுக்குப் போனேன். படித்து வந்த முறையில் நோயை முன்னதாகக் கண்டுபிடிக்க ஓர் இயந்திரம் வேண்டும், அது எங்கள் ஆய்வுகூடத்தில் இல்லை. பொறுப்பாளரிடம் கேட்டேன். கடிதம் ஒன்று எழுதித் தரும்படி சொன்னார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.